இரண்டரைப் பேர்

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு நாற்காலிகள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே கிடையாது. வயர்லெஸ்ஸில் நம்பர்தான் போகும், அது அப்படியே எங்கள் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. நான் ஐந்து. என் இடது பக்கம் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தவர் நாலாம் நம்பர் அக்கா.

அக்காவுக்கு ஊரின் தெருக்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். எந்தத் தெருவில் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும், எந்தச் சந்தில் லாரி நின்றால் அரை மணி நேரத்துக்கு நகராது, எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். குரல் அதைவிட முக்கியம். ஏறாது, இறங்காது. மறுமுனையில் அலறுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டு அரை நிமிடத்தில் ஒரு நிலைக்கு வந்துவிடுவார்கள். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். "உங்க அக்கா வீட்டுலயும் இப்படித்தான் பேசுவா. சண்டை போடறாளா சமாதானம் பண்றாளான்னே கண்டுபிடிக்க முடியாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் வண்டி எந்த வழியாகப் போக வேண்டும் என்று நாற்காலியில் இருப்பவர்தான் சொல்வார். டிரைவருக்கு யோசிக்க நேரம் இருக்காது, நாங்கள் சொன்னால் போவார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புகளுக்கு இரண்டு வழி. ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஆறு நிமிடம். கேட் மூடியிருந்தால் திறக்கும்வரை நிற்க வேண்டியதுதான். புறவழிச் சாலையில் சுற்றிப் போனால் எப்போதும் ஒன்பது நிமிடம். எட்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் எல்லோரும் கேட் வழியைத்தான் சொல்வோம்.

ஒரு நாள் காலை பத்தே முக்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் கணவர் விழுந்து கிடக்கிறார், மூச்சு இல்லை. அக்கா வண்டியைக் கேட் வழியாக அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் கணவரின் நெஞ்சில் வைக்கச் சொன்னார். அழுத்த வேண்டிய வேகத்துக்கு ஏற்ப எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று சிக்னலுக்காக நடுவிலேயே நின்றுவிட்டது. டிரைவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டே எண்ணினார். பதிமூன்று நிமிடம் எண்ணினார். பக்கத்தில் நான் வேறொரு அழைப்பில் இருந்தேன், ஆனால் என் காதில் அதுதான் விழுந்துகொண்டிருந்தது. வண்டி போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் செய்வதற்கு இல்லை.

விசாரணை நடந்தது. ஒன்றரைப் பக்கத்தில் முடித்தார்கள். வழக்கமான வழி, தவறு யார் மேலும் இல்லை. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார். அதன் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அவர் ஒரு வண்டியைக்கூடக் கேட் வழியாக அனுப்பவில்லை. "சுத்திப் போங்க" என்பார். நான் இதை இரண்டாவது மாதமே கவனித்தேன். ஒரு டிரைவர் என்னிடம் வந்து, "ஏன் சார், நாலாம் நம்பர் எப்பப் பாத்தாலும் சுத்த விடறாங்க?" என்று கேட்டார். "அக்கா சொன்னா காரணம் இருக்கும், போங்க" என்றேன். பெரிய மனிதத்தனம் என்று நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். ஒரு நிமிடத் தாமதம்தானே என்று மேலேயும் யாரும் கேட்கவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

பிறகு, வழியைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். அதற்கு முன்னால் ஆறு நாற்காலிக்காரர்களும் இணையத்தில் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். மொத்தம் நாற்பது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் திரையில் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. எங்கே தப்பு என்று சொல்லாது. அது ஒரு ஊமைக் கோட்டான்.

நாங்கள் ஐந்து பேரும் தலையில் கை வைத்துக்கொண்டோம். முதல் கணக்கே, ஒரு டிராயரில் பத்துக் கறுப்பு சாக்ஸ், ஆறு வெள்ளை சாக்ஸ், இருட்டில் இரண்டு எடுத்தால் ஒரே நிறமாக வரும் வாய்ப்பு எவ்வளவு என்றது.

"வெளக்கப் போட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க. இதுக்கு எதுக்குக் கணக்கு?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு உட்கார்ந்து போட்டார். நாலு தடவை சிவப்பு வந்தது. ஐந்தாவது தடவை பச்சை. அவர் தொண்டையில் ஒரு சின்னச் செருமல் வந்தது, அவ்வளவுதான் சந்தோஷம். நான் அவரைப் பார்த்துக் காப்பியடித்தேன். மறைப்பானேன்.

மதிய இடைவேளையில் நாங்கள் டீ குடிக்கப் போவோம், அவர் கணக்கோடு இருப்பார். பகடைக்காய், வட்ட மேஜையில் எத்தனை விதமாக உட்காரலாம், சராசரிக்கும் நடு எண்ணுக்கும் என்ன வித்தியாசம். ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது திரையைக் காட்டினார். பத்துக்குப் பத்துக் கட்டங்களாகத் தெருக்கள் உள்ள ஊர். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, பின்னால் திரும்பி வராமல் வலதும் கீழுமாகவே போனால் எத்தனை வழி? திரையில் பச்சை எழுத்தில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து எழுநூற்று ஐம்பத்தாறு.

"இவ்ளோ வழி இருக்கு தம்பி," என்றார். "ஒருத்தர் உக்காந்து ஒண்ணச் சொல்லிட்டுப் போயிடறோம்."

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

குறைந்த நேரத்தில் போகும் வழியைக் கண்டுபிடிக்கும் கணக்குகள் வந்தபோது, கொடுத்திருந்த பொம்மை ஊரை எடுத்துவிட்டு எங்கள் ஊரையே உள்ளே போட்டார். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு எண், ஒவ்வொரு தெருவுக்கும் நிமிடம். முப்பத்தொன்றாவது கணக்கில் நின்றுவிட்டார். அதில் சில தெருக்களில் தடுப்பு இருக்கும். தடுப்பு மூடியிருக்கும் வாய்ப்பு இவ்வளவு, மூடியிருந்தால் காத்திருக்கும் நேரம் இவ்வளவு. நீண்ட காலத்தில் எந்த வழி சராசரியாகக் குறைந்த நேரம் எடுக்கும்?

ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"கேட் ஒரு நாளைக்கு எத்தனை தடவ மூடுதுன்னு யாருகிட்டயாவது கணக்கு இருக்கா?"

"ரயில்வேல இருக்கும்."

"அது ரயிலோட கணக்கு. நமக்கு வேண்டியது, ஒரு வண்டி வர்ற நேரத்துல கேட் எப்படி இருந்துதுன்னு."

அப்படி ஒரு கணக்கு யாரிடமும் இல்லை. ஓய்வு நாளெல்லாம் அவரே போய் உட்கார்ந்தார். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை, கேட் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் ஒரு நோட்டோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்திருந்தால் கோடு, மூடியிருந்தால் வட்டம். வட்டமானால் திறக்க எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துப் பக்கத்தில் எழுதுவார். கேட் கீப்பர் முதல் நாள் முறைத்தார். மேலிடத்திலிருந்து வேவு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். மூன்றாம் நாள், "வெயில்ல உக்காராதீங்கம்மா, இப்படி வாங்க" என்று தன் அறை நிழலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் வீட்டில் முணுமுணுத்தார். "ஆறு நாள் அங்க, ஏழாம் நாள் இங்கயா? உனக்கு என்னதான் வேணும்?" அடுத்த வாரம் அவரே ஒரு குடையைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்.

அங்கே நடந்த ஒன்றை அக்கா எனக்குச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

கேட் மூடியிருந்தது. வரிசையில் எத்தனை வண்டி நிற்கிறது என்றும் எழுதலாம் என்று தோன்றி, அக்கா வாய்விட்டு எண்ணியிருக்கிறார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கடைப் பையோடு நின்றிருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினார். முகம் வெளிறிப் போயிருந்தது. கிட்டே வந்து நின்றார்.

"இன்னொரு தடவ எண்ணுங்க."

அக்கா எழுந்து நின்றார்.

"நீங்கதானே? போன்ல?"

"ஆமா."

"அந்தக் குரல் இன்னும் நிக்கல," என்றார் அந்தப் பெண். "படி ஏறினா எண்ணுது. காய் நறுக்கினா எண்ணுது. யாரோ எங்கூடவே இருக்காங்கன்னு இருக்கும். நீங்க எப்படி இருப்பீங்கன்னு ஒரு முகம்கூட வச்சிருந்தேன். இது இல்ல அது."

ரயில் வந்தது, போனது. கேட் திறந்தது. அந்தப் பெண் நகரவில்லை.

"இங்க என்ன எழுதறீங்க?"

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கேட் எத்தன தடவ மூடியிருக்குன்னு."

அந்தப் பெண் நோட்டை எட்டிப் பார்த்தார். "அன்னிக்கும் மூடியிருந்துதா?"

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை.

"மூடியிருந்துது. சுத்தி அனுப்பியிருந்தா ஒன்பது நிமிஷத்துல வந்திருக்கும். பதிமூணு ஆயிடுச்சு. வழி நான்தான் சொன்னேன்."

திட்டுவார், அடிப்பார் என்று அக்கா காத்திருந்திருக்கிறார். அந்தப் பெண் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடி என் தங்கச்சிக்குத்தான் போன் பண்ணினேன். என்ன பண்றதுன்னு தெரியாம. எவ்ளோ நேரம் பேசினேன்னு தெரியல. அது உங்க நோட்டுல இருக்கா?"

"இல்ல."

"எழுதாதீங்க," என்றார். தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

மூன்றரை மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் கோடும் வட்டமும் சேர்ந்தன. பத்தில் மூன்று தடவை கேட் மூடியிருந்தது. மூடியிருந்தால் காத்திருப்பு சராசரியாக நான்கு நிமிடம். முப்பத்தொன்றாவது கணக்கின் புரோகிராமில் இதைப் போட்டார். ஆறு நிமிடத்தோடு, பத்தில் மூன்று பங்கு வாய்ப்புக்கு நான்கு நிமிடம். ஏழு நிமிடம், பன்னிரண்டு விநாடி. சுற்றுவழி ஒன்பது. எட்டு நிமிட விதிக்குள் கேட் வழி பத்தில் ஏழு தடவைக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடும். சுற்றுவழி ஒரு தடவைகூடச் சேராது.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. "பாருங்க அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. மூணு வருஷமா இத வச்சுக்கிட்டா புழுங்கினீங்க?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அன்னிக்குச் செஞ்சது சரி தம்பி. அதுக்கப்புறம் செஞ்சது?"

அறையில் மற்ற நால்வரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த நாளே பதிவேட்டுக்காரரிடம் போய் மூன்று வருடப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து அழைப்புகள் ஆறில் எங்கள் நான்கு நாற்காலிகளுக்குத்தான் வரும். அக்கா எடுத்தவை இருநூற்றுப் பதினாலு. எல்லாமே உயிருக்கு ஆபத்து என்று குறித்தவை. அதில் இறந்தவர்கள் முப்பத்தொரு பேர். மற்ற மூன்று நாற்காலிக்கும் சேர்த்து அறுநூறு அழைப்பு, இறந்தவர்கள் எண்பது பேர். அதே விகிதம் அக்காவின் இருநூற்றுப் பதினாலுக்கும் இருந்திருந்தால் இருபத்தெட்டரைப் பேர் இறந்திருக்க வேண்டும்.

முப்பத்தொன்றில் இருபத்தெட்டரை போனால் இரண்டரை.

அக்கா அதோடு விடவில்லை. நாணயம் நேர்மையானதா என்று சோதிக்கும் கணக்கு ஒன்று பயிற்சியில் வந்திருந்தது. அதே மாதிரி எழுதினார். மற்றவர்களின் விகிதத்தை வைத்து இருநூற்றுப் பதினாலு பேருக்குக் கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது. அதைப் பத்தாயிரம் தடவை செய்வது. அந்தப் பத்தாயிரத்தில் முப்பத்தொருவரோ அதற்கு மேலோ இறந்தது மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் தடவை.

"அப்படின்னா?" என்றேன்.

"மூணுல ஒரு தடவ சும்மாவே இப்படி வரும். யாரும் எந்தத் தப்பும் செய்யாட்டியும் வரும்."

"அப்ப விடுங்கக்கா."

"நான் காரணம் இல்லன்னும் இது சொல்லல தம்பி. தெரியாதுன்னு சொல்லுது. அவ்ளோதான் அதால சொல்ல முடியும்."

அந்த நாட்களில்தான் அவர் குரல் மாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பதினாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் ஒரு கண நேரம் தயங்கினார். அந்த முப்பத்தொரு பேரின் வயதும் முகவரியும் அவருக்கு மனப்பாடம். ஐம்பத்திரண்டு, ஆண், மாடி வீடு. முப்பத்தெட்டு, பெண், பிரசவம் முடிந்து ஒன்பதாம் நாள். அவர்களில் எந்த இரண்டு பேர் என்று தேர்ந்தெடுக்க நானூற்று அறுபத்தைந்து வழி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு ஜோடியாக நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று அதைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு பேர நெனச்சுக்க முடியுது," என்றார். "வீட்டுல எதிர்ல வந்து உக்காந்துக்கறாங்க. ஒரு நாளைக்கு இந்த ரெண்டு பேர், மறுநாள் வேற ரெண்டு பேர். அந்த அரைதான் தம்பி. அது யாரு மாதிரியும் இல்ல. ஆனா இருக்கு."

"வெந்நீர்ல குளிச்சுட்டுத் தூங்குங்கக்கா" என்றேன். என்னைப் போன்ற ஆளுக்கு அவ்வளவுதான் வரும்.

இரண்டு தாள் எழுதினார். முதல் தாளில், கேட் மூடும்போதும் திறக்கும்போதும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல, கேட் கீப்பர் அறையில் ஒரு நேரடித் தொலைபேசி வேண்டும் என்று இருந்தது. அது இருந்தால் யாரும் குருட்டாம்போக்கில் வழி சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது தாளில் தன் இருநூற்றுப் பதினாலு அழைப்பு, முப்பத்தொரு மரணம், தன் சொந்த முடிவால் ஆன தாமதம். அறைப் பொறுப்பாளர் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நானும் அங்கே இருந்தேன், துணைக்கு.

"முதல் தாள் நல்லா இருக்கு, அனுப்பறேன். ரெண்டாவது எதுக்கும்மா? நீங்களே சொல்றீங்க, நிரூபிக்க முடியாதுன்னு. இதக் குடுத்து உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?"

"கேட்டுக்கு ஒரு போன் கிடைக்கும் சார்."

"அதுக்கு முதல் தாள் போதுமே."

"வெறும் மொதல் தாளப் பாத்தா, இவ்ளோ நாள் இல்லாம ஓடலியான்னு கேப்பாங்க. எப்படி ஓடுச்சுன்னு ரெண்டாவதுல இருக்கு."

பொறுப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. பெருமூச்சு விட்டு இரண்டையும் சேர்த்துப் பின் அடித்தார்.

விசாரணை என்று கூப்பிட்டு நாலு பேர் நாலு விதமாகக் கேட்டார்கள். ஒருவர், "யாரும் கேக்காம நீங்களா ஏன் இதத் தோண்டினீங்க?" என்றாராம். "கணக்குல வந்துது" என்று அக்கா சொன்னாராம். திட்டவட்டமான முடிவுக்கு வர இயலவில்லை என்று எழுதி மூடினார்கள். ஐந்து மாதம் கழித்துக் கேட் கீப்பர் அறைக்குத் தொலைபேசி வந்தது. மூடும்போது ஒரு தடவை மணி அடிப்பார், திறக்கும்போது இரண்டு தடவை.

அதற்குள் அக்கா நாற்காலியை விட்டு மாற்றல் கேட்டிருந்தார். கணக்குப் போட்டதிலிருந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து அழைப்புகளை எங்களுக்கு மாற்றிவிட்டுக்கொண்டிருந்தவர், கடைசி வாரத்தில் ஒன்றை அவரே எடுத்தார். தொலைபேசி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. டிரைவர் வழக்கம்போல, "சுத்திதானே?" என்றார். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இல்ல, கேட் வழியா போங்க." ஆறு நிமிடம் நாங்கள் இருவரும் மூச்சுவிட்ட மாதிரியே இல்லை. கேட் திறந்திருந்தது. நெஞ்சுவலி என்று சொன்ன பெரியவருக்கு வெறும் வாயுப் பிடிப்பு. சுற்றி என்ன, நடந்தே போயிருந்தாலும் பிழைத்திருப்பார். அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறி, எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது மேல்மாடியில் இருக்கிறார். எந்த வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று மாதாமாதம் தொகுப்பது அவர் வேலை. நாற்பது கணக்கையும் முடித்த ஒரே ஆள் அவர்தான். வீட்டில் எதிரே அந்த இரண்டு பேர் இன்னும் வந்து உட்காருகிறார்களா என்று ஒருமுறை கேட்டேன். "வருவாங்க. இப்ப பழகிடுச்சு. வரலன்னாதான் என்னவோ மாதிரி இருக்கு" என்றார், அதே ஏறாத இறங்காத குரலில்.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக மேலே போயிருந்தேன். அந்த அறுநூறு அழைப்பை அவர் மொத்தமாகக் கூட்டி வைக்கவில்லை. மூன்று நாற்காலிக்கும் தனித்தனியாகவே எண்ணியிருக்கிறார். தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டினால் தப்பு வரும் என்று பயிற்சியிலேயே ஒரு கணக்கு இருந்ததாம்.

"அஞ்சாம் நம்பரோடதும் இருக்கு தம்பி," என்றார். "தெரிஞ்சுக்கணும்னா சொல்லு. வேணாம்னா வேணாம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எண் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே அழைப்பு நிற்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அழைப்பு ஒன்றும் நிற்கவில்லை.

இன்றைக்கு முப்பத்திரண்டு நாள் ஆகிறது. தினமும் அந்த மாடிப்படியைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போகிறேன். இன்னும் கேட்கவில்லை.